பன்னிரண்டு பட்டன் பலகை

உ
அடி அண்ணாமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வேதாவுக்கு அப்பா பலராமன் எழுதுவது.

நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி எழுந்திருக்கிறோம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மலை மேல் மேகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மழைதான் இறங்கி வர மனசு வைக்கவில்லை.

போனில் சொல்லக் கூடியதை அப்பா ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். எழுதக் கற்றுக்கொண்டவனுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, அது ஒன்று. ரேஷன் கடைப் பலகை, பஸ் போர்டு, சோப்பு உறை, மருந்துச் சீசா எல்லாம் படித்துத் தீர்த்துவிட்டேன். இன்னொன்று, இது அம்மாவைப் பற்றிய விஷயம். நம் ஒற்றை அறை வீட்டில் போனில் பேசினால் அவளுக்குக் கேட்டுவிடும். தொண்டை ஆபரேஷனில் குரல்தான் போனது. காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது.

நீ அனுப்பிய பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. பிரித்தால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பலகை, அதன் மேல் பன்னிரண்டு பட்டன். எண்ணிப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். பன்னிரண்டு உயிரெழுத்து! என் மகள் முறைப்படி ஆரம்பிக்கிறாள், மெய்யெழுத்து பதினெட்டும் அடுத்த பார்சலில் வரும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பட்டன் மேல் எழுத்து இல்லை. உன் ஆபீஸ் ஃபைசான் தம்பி போட மறந்துவிட்டார் போலும் என்று, பக்கத்து வீட்டுத் தங்கச்சி கைசர் ஜஹான் தைத்த துணியில் பெயர் எழுதி ஒட்டுகிற வெள்ளை ஸ்டிக்கரை வாங்கி, அ முதல் ஔ வரை நானே எழுதி ஒட்டினேன். ஔ மட்டும் இடம் போதாமல் ஸ்டிக்கரை விட்டு வெளியே போய்விட்டது.

ஒட்டி முடித்து, ‘அ’வை அமுக்கிவிட்டு அது பேசும் என்று காத்திருந்தேன். பேசவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினேன். கைசர் ஜஹான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்து, “ஒயரே இல்லாத சாமான் எப்டிண்ணே பேசும்? இன்னா கிளி ஜோசியமா, தட்டுனதும் வெளிய வந்து சீட்டு எடுக்க?” என்று சிரித்தது. அதற்கப்புறம்தான் பெட்டிக்கு அடியில் நீ வைத்த சீட்டைப் பார்த்தேன். ஊரில் உள்ளதையெல்லாம் படிக்கிறவன் எனக்கென்று எழுதியதைப் படிக்காமல் விட்டேன் பார்.

இப்போது நன்றாகப் புரிந்தது. இது எழுதுகிற பலகை இல்லை, மாதிரிப் பலகை. துணிக்கடையில் துண்டுத் துணி காட்டுவதைப் போல, ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒவ்வொரு விதமான ஸ்விட்ச். அம்மா விரலுக்கு எது ஒத்து வருகிறதோ அதைச் சொன்னால், ஃபைசான் முழுக் கீபோர்டுக்கும் அதையே வைத்துச் செய்து தருவார். அம்மா அதில் தட்டினால், கூட வரும் பெரிய திரை போன் தமிழில் படித்துச் சொல்லும். ஈயம் வைத்து ஒட்டிவிட்டால் மாற்றுவது கஷ்டம், அதனால் நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், மாதிரிப் பலகையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஃபைசான் தம்பியிடம் ஸ்டிக்கருக்காக மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தேன். மூடி கண்ணாடி மாதிரி இருப்பதால் ஸ்டிக்கர் ஓரத்தில் உள்ளே இருக்கும் ஸ்விட்சின் நிறம் தெரிகிறது. கறுப்புக்கு அடிபம்பு அடிக்கிற பலம் வேண்டும். பழுப்பில், வெந்த மல்லாட்டையை நசுக்கினால் தோட்டுக்குள் கடலை தட்டுமே, அது போல் பாதி வழியில் ஒரு சின்னத் தடை. அதைத் தாண்டினால் உள்ளே போகிறது. நீலம் ‘டக்’ என்று கத்துகிறது, காய்ந்த மல்லாட்டையை உடைத்த மாதிரி. மற்றதெல்லாம் இவற்றுக்கு அண்ணன் தம்பிதான். சிவப்பு இருக்கிறதே, அதுதான் அருமை. கூழ் மேல் விரல் வைத்தாற்போல் வைத்ததும் இறங்குகிறது. சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. மண்டியில் மூட்டை தூக்கிய என் விரலுக்கே அது சுகமாக இருக்கிறது என்றால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்.

ஆனால் அம்மா பலகையைத் தொடவே இல்லை, வேதா. கையில் கொடுத்தேன். ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உனக்கு முழுசாகத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவள் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினாள். எட்டாவது படித்தவள் அல்லவா. எனக்குத்தான் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு கைசர் ஜஹானிடம் ஓடுவேன். அது, “அக்கா உங்கள மொதல்ல குளிக்கச் சொல்றாங்க” என்று தெருவுக்கே கேட்கும்படி படிக்கும். புருஷனுக்குச் சொல்வதைப் பக்கத்து வீடு படிக்க வேண்டியிருந்தால் ஒருத்தி எத்தனை நாள் எழுதுவாள்? அதனால்தான் பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்த நேரம், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏற்றி அவள் விரல் நுனி மரத்துப் போய்விட்டது. பல்பம் நழுவுகிறது. போன் கண்ணாடியில் எழுத்தைத் தொட்டால் தொட்டதே அவளுக்குத் தெரிவதில்லை. நான் படிக்கப் போனேன், அவள் எழுதுவதை விட்டுவிட்டாள்.

கிரிவலப் பாதையில் “மல்லாட்ட, சூடா மல்லாட்ட” என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் அடுத்த லிங்கக் கோயிலில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, பௌர்ணமிக் கூட்டம் வாசலில் போனாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

அதனால் அவளுக்கும் சேர்த்து நானே யோசித்தேன். சிவப்பு வைக்கச் சொல். விரல் நோகாது. சத்தம் இல்லாமலும் இருக்கும். வீடு இந்த அமைதிக்குப் பழகிவிட்டது.

வெயிலில் அலையாதே. உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

உன் அப்பா
பலராமன்
(கையெழுத்துதான், கைநாட்டு இல்லை)


உ
அடி அண்ணாமலை
வியாழக்கிழமை

வேதா, அவசரமாக எழுதுகிறேன். என் அவசரம் பார்க்கிறவர்களுக்கு மெதுவாகத்தான் தெரியும்.

காலையில் போனில், சிவப்பு வேண்டாம், ஃபைசானை நிறுத்தச் சொல் என்று மட்டும் சொன்னேன். அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றாய். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஏன் என்று கேட்டாய். அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அதோடு இது போனில் சொல்லி முடிகிற சமாசாரமும் இல்லை.

நேற்று வேங்கிக்கால் வரை போய்விட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். சாயங்காலம் வழக்கம் போல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பலகை அவள் கைப் பக்கமே கிடந்தது, நான் எடுத்து வைக்கவில்லை. ஆட்டோவில் ஓர் அம்மா முழுப் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறியது. போகிற வழியில் டிரைவர் பழத்துக்கும் சேர்த்துத் துட்டு கேட்டான். அந்தம்மா, “எம் மடியில தானடா கீது, அதுக்கு இன்னாத்துக்குத் துட்டு?” என்று எகிறியது. அதற்கு டிரைவர், “உன் மடின்னா ஃப்ரீ தாம்மா. ஒவ்வொரு பள்ளத்துலயும் அது எம் முதுகுல வந்து உக்காருதே, அதுக்கு யார் குடுப்பா?” என்றான்.

இந்த இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

நான் பல்லி என்று நினைத்தேன். நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தேன். பிறகு, வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தோம் என்று தொடர்ந்தேன். மறுபடியும் ‘டக்’. அவள் திரும்பவில்லை. முந்தானைக்கு அடியில் கை மட்டும் பலகை மேல் இருந்தது.

உனக்குத் தெரியும், உன் அம்மா உம் கொட்டாமல் நான் எந்தக் கதையையும் சொல்லி முடித்தவன் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி. நான் சொல்லச் சொல்ல அவள் “உம்”, “உம்” என்பாள், பேச்சு தானாகப் போகும். ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஆரம்பிக்கிறதெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறது. என்னிடம் விஷயம் தீர்ந்துவிட்டது, வயசாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று அந்த ‘டக்’ கேட்ட பிறகு வேங்கிக்காலில் ஏறிய ஆட்டோ அடி அண்ணாமலை வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? இல்லாத பள்ளத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். கடைசியில் டிரைவர் எனக்கு ஒரு சுளை கொடுத்துக் கும்பிட்டான் என்றேன். உடனே ‘டக் டக் டக் டக்’ என்று வந்தது பார், போதும் உன் புளுகு என்று. குரல் இருந்த காலத்தில் எப்படி மடக்குவாளோ அதே வேகம்.

நான் சிரித்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அவளுக்கு இப்போது சிரிப்பு வெறும் காற்றாகத்தான் வரும், அதுவும் கழுத்தில் போட்ட துளை வழியாக. அதைக்கூட அவள் மூடிக்கொள்ளவில்லை.

எந்தப் பட்டன் என்று எட்டிப் பார்த்தேன். நீலம். நான் வேண்டாம் என்று தள்ளிய அதே நீலம். என் முட்டாள்தனத்தைக் கேள். இது விரலுக்குக் கஷ்டம் என்று சொல்லிப் பலகையைத் திருப்பி, சிவப்பை அவள் விரலுக்கு அடியில் வைத்தேன். அவள் அதை அமுக்கினாள். என்னைப் பார்த்துக் கையை விரித்தாள், ஒன்றும் இல்லை என்பது போல. பழுப்பை அமுக்கி உதட்டைப் பிதுக்கினாள். பிறகு என் விரலைப் பிடித்துப் போன் கண்ணாடி மேல் வைத்துத் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அதே விரலை எடுத்துச் சிவப்பு மேல் வைத்து, அதற்கும் இல்லை என்று ஆட்டினாள். நீலத்தின் மேல் வைத்து அமுக்கினாள். ‘டக்’. தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விரல் நுனி மரத்தவளுக்குப் பூ மாதிரி இறங்குகிற ஸ்விட்சும் கண்ணாடியும் ஒன்றுதான். அமுக்கினோமா இல்லையா என்று பதில் வர வேண்டும். நீலம்தான் பதில் சொல்கிறது. வலிக்கக் கூடாது, வலிக்கக் கூடாது என்று நான் பார்த்தேன். ஏதாவது ஒன்று எதிர்த்துத் தட்டாதா என்று அவள் காத்திருந்திருக்கிறாள்.

அப்புறம் அவளே எழுந்து போய்ச் சாமி மாடத்தில் படத்துக்குப் பின்னால் இருந்து ஸ்லேட்டை எடுத்து வந்தாள். பல்பம் இரண்டு தடவை விழுந்தது. நான் எடுத்துத் தரப் போனேன், முறைத்தாள். தானே குனிந்து எடுத்தாள். எழுத்து கோணிக்கொண்டு கீழே இறங்கியது. எழுதியது இதுதான்:

சத்தமா வேணும்.

நான் படித்தேன் வேதா. யாரிடமும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று படித்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினாள். அதை உனக்கு எழுத மாட்டேன். அது எனக்கு எழுதியது.

இன்று காலையிலிருந்து ஓயாத டக் டக். பால் பொங்கினால் டக். நான் செருப்பை உள்ளே விட்டால் டக் டக். கைசர் ஜஹான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, “இன்னாண்ணே, உங்கூட்ல பல்லி ஜாஸ்தியாயிடுச்சா?” என்று கேட்டது. அக்காதான் என்றேன். மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, “யக்கா, எங்க, என்னை ஒரு தபா திட்டு பாக்கலாம்” என்று பலகையை நீட்டியது. நன்றாகத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டது. போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூல் தூசி என்றது.

அதனால் ஃபைசான் தம்பியிடம் சொல். எல்லாப் பட்டனுக்கும் நீலம்தான். இன்னும் சத்தமாக ஒன்று இருந்தால் அதுவே இருக்கட்டும், அம்மா சண்டைக்கு வர மாட்டாள். மாதிரிப் பலகையை மட்டும் இப்போது திருப்பிக் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள். கீபோர்டு வந்த அன்றே ஸ்டிக்கரைச் சுரண்டிச் சுத்தமாக அனுப்பிவிடுகிறேன். அதில் ஒயர் இல்லை, அது பேசாது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் அது இப்போது வேலையில் இருக்கிறது.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று காலையிலிருந்து பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ தினமும் போன் செய்கிறாய். என்னிடம் அம்மா சாப்பிட்டாங்களா, மாத்திரை போட்டாங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் இருந்தால் யாருக்கும் பேச வராது. கூடவே இருக்கிற எனக்கே வரவில்லை. ஆனால் மணி அடித்ததும் அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் பார்க்கிறாள்.

அடுத்த தடவை கூப்பிடும்போது, போனை அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல். நான் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். என்ன பேசுவது என்று யோசிக்காதே. என்ன குழம்பு வைத்தாய், பஸ்ஸில் யாரோடு மல்லுக்கு நின்றாய், அது போதும். ஒன்று சொன்னதும் கொஞ்சம் நிறுத்து. உடனே வராது, அவள் விரல் மெதுவாகத்தான் வரும். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. பொறுத்துக் கேள்.

அண்ணாமலையார் உனக்கு ஒரு குறையும் வைக்க வேண்டாம். பேசு மகளே. இங்கே உம் கொட்ட ஆள் இருக்கிறது.

அப்பாவும் அம்மாவும்