மை நிரப்பிய வட்டம்

செப்டம்பர் 9

ஆற்றுப் பாலம் இரண்டாக ஒடிந்து விழுந்ததே, அந்த வருடத்துச் சங்கதி. என் மகள் இவளுக்கு அப்போது நாலு வயது. இன்று நான் சொல்லச் சொல்ல இவள்தான் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வாசனை கிடையாது. மலைமேல் தொலைநோக்கி நிலையத்தில் கருவியைக் குளிரவைக்கும் குடுவைக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவதுதான் அப்போது என் வேலை. இருபத்தாறு வருடம்.

"மெதுவா சொல்லுப்பா, பஸ்ஸா பிடிக்கணும்?"

காலையில் ஆராய்ச்சிக்காரப் பெண் ஒன்று பழைய பதிவேட்டோடு வந்தது. அந்த வருடம் ஒரு ராத்திரி நிலையத்துப் புரொபசர் அகச்சிவப்பில், அதாவது சூட்டை அளந்து, பார்த்த இரட்டை நட்சத்திரம், இரண்டும் இளசு. சின்னதைச் சுற்றித் தட்டு மாதிரித் தூசி இருந்ததாம். இப்போது துடைத்துவிட்டாற்போல ஒன்றுமில்லையாம்.

"நாப்பது வருஷத்துல தூசி காணாமப் போச்சுன்னா பெரிய விஷயம் ஐயா. ஆனா அன்னிக்குக் கருவி குளிர்ந்திருந்துச்சான்னு கேக்கறாங்க. இந்தக் கறுப்பு வட்டம் நீங்க போட்டதா?"

ஊற்றினால் மை நிரப்பிய வட்டம், ஊற்றாவிட்டால் வெறும் வட்டம். எனக்காகப் புரொபசர் செய்த ஏற்பாடு.

தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரை போகிறதாம்.

செப்டம்பர் 10

இன்று ஒன்றும் வேண்டாம், தேதியை மட்டும் எழுது.

செப்டம்பர் 11

எழுதும்மா, நிறுத்தாதே.

அந்த ராத்திரி வீட்டில் உனக்குக் காய்ச்சலில் வலிப்பு. நிலையத்து வாட்ச்மேன் ஓடிவந்து சொன்னார். இறங்கி ஓடினேன். பாலம் இல்லை, சுற்றுவழி. திரும்பி வர நேரமாகிவிட்டது.

புரொபசர் தலை நிமிராமல், "ஊத்தியாச்சா?" என்றார்.

"ஆச்சுங்க."

வட்டத்தையும் நிரப்பிவிட்டேன். தொலைநோக்கியைச் சின்ன நட்சத்திரத்துக்குத் திருப்புவதற்குள் ஊற்றிவிடலாம் என்று நினைப்பு. கேனைத் தூக்கி வருவதற்குள் அளந்தே முடித்துவிட்டார். பெரியதை அளக்கும்போது மிச்சம் கொஞ்சம் இருந்திருக்கும்; சின்னதற்குள் குடுவை காய்ந்து கிடந்தது. காய்ந்தால் கருவி தன் சூட்டையே நட்சத்திரத்தின் சூடு என்று காட்டும். தூசியாவது மண்ணாங்கட்டியாவது! சத்தமில்லாமல் ஊற்றிவிட்டு நின்றேன்.

பேனாவை வைத்துவிட்டாள். "என்னைப் பாக்க வந்ததாலயா?"

"பொய் சொன்னது என் வாய். நீ எழுது."

செப்டம்பர் 12, வெள்ளி

அந்தப் பெண்ணை வரவழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதிவேட்டை மூடி அதன் மேல் கையை வைத்தது. "மூணு வருஷ வேலை ஐயா," என்றது. திட்டியிருந்தால் தேவலை.

வட்டத்தைத் திருத்தப் பேனா கேட்டேன். பழைய பதிவேட்டில் கை வைக்கக் கூடாதாம். தன் நோட்டை நகர்த்தியது. ஒரு வெறும் வட்டம் போட்டேன். பக்கத்தில் அன்றைய தேதியை எழுதிக்கொண்டு கேட்டது: "சாட்சி சொல்ல, அன்னிக்கு அங்க இருந்தவங்க வேற யாராவது இருக்காங்களா?"

புரொபசர் போய்ப் பதினோரு வருடம். வாட்ச்மேன் போன மழைக்காலத்தில்.

"நான் ஒருத்தன்தாம்மா."