நடுக்கடலில் நின்ற படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

சசிகலா எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

மலைப் பள்ளிக்கு வந்தபின் பார்த்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கப்பல்காரனின் படம். ஊர் திரும்ப முடியாமல் தவிக்கிறான். இங்கே சிக்னல் ஜமுனாமரத்தூரில்தான். அங்கே போனில் படத்தை இறக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது, ஓடி ஏறினேன். முக்கால் படம்தான் இறங்கியிருந்தது. விடுதியில் சமைக்கும் மங்கம்மாள் அக்காவோடு பார்த்தேன். நடுக்கடலில் படம் நின்றுவிட்டது.

"அப்புறம் என்னக்கா ஆகியிருக்கும்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இன்னா டீச்சர், இதுகூடவா தெரியல? புளி உலுக்குற நாள் வந்துடுச்சி. வூட்டுக்குப் போய்ட்டான்."

சிரித்துவிட்டேன். வெளியூர் வேலைக்குப் போன இந்த மலைக்காரர்கள் எல்லாம் புளி உலுக்கும் நாளில்தான் வீடு திரும்புவார்களாம். ஆனாலும் இரண்டு நாளாக அந்த முடிவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குளிருக்கு ஒரு மப்ளர் அனுப்பு. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும். பஸ் வந்துவிட்டது, கீழே தபாலில் போடச் சொல்லி டிரைவரிடம் கொடுக்க வேண்டும்.

முடிவை முந்திக்கொண்டு சொல்கிறாய் என்று உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். இந்தப் படத்தையும் பார்த்துவிடு, பேரைக் கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன். முடிவை எழுதி அனுப்பாதே. முழங்கால் சரியானதும் நேரில் வந்து சொல்.

சசி