கருந்தலை இறால்

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டில் இறால் வறுபடும் வாசம் வந்தது. அந்த வீட்டு மருமகள் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். "கருந்தலை இறாலு, அக்கா. கருங்கோழி கணக்கா சத்தாம். கம்பம் சந்தையில எங்க மாமா வாங்கியாந்தாக." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோழி, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், உன்னை ஏய்த்த அந்தக் கம்பத்து வியாபாரி மட்டும் இன்னும் அதே பொய்யைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறான்!

கருங்கோழி என்றால் நம் பக்கம் யோசிக்காமல் வாங்குவார்கள். பூஞ்சை பிடித்துச் செவுள் கறுத்த இறாலையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டானே, பாவி.

ராயப்பன்பட்டியில் நீ வெட்டிய இறால் குளத்தில் அந்த வருடம் நோய் விழுந்தது. "அடியில தீவனம் அழுகிருச்சுடி" என்று நீயே சொன்னாய். மூடி மறைக்கத் தெரியாது உனக்கு. நாம் விலங்கியல் படித்த கல்லூரிக்கே இறாலை எடுத்துப் போய்ச் சோதிக்கக் கொடுத்தாய். நோய்ப்பட்ட இறாலில் புரதமும் கொழுப்பும் குறைந்து, தண்ணீர்தான் ஏறியிருந்தது. தொட்டாலே சதை தொளதொளவென்று இருந்தது. மனிதர் தின்ன வேண்டாம் என்று நீ ஒதுக்கியதை, கோழித் தீவனத்துக்கு என்று சொல்லி அள்ளிப் போனவன்தான் அந்த வியாபாரி.

அப்போது நான் பிள்ளை பெற்று, பத்தியம் முடிந்தும் எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் கிடந்தேன். பால் போதாமல் குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. குழந்தையைப் பார்க்க வந்த நீ, எங்கள் கொல்லையில் கிடந்த கறுத்த இறால் தலைகளைப் பார்த்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாய்.

"அத்தை, இத எங்கன வாங்குனீக?"

"கம்பத்துலதான் ஆத்தா. இவளுக்குத் தெம்பு வரட்டும்னு தெனமும் ஆக்கிப் போடுறேன்."

"இது எங்கொளத்து இறாலு, அத்தை. சீக்கு இறாலு. கோழிக்குன்னு வாங்கிட்டுப் போயி ஒங்க தலையில கட்டிருக்கான்."

என் மாமியார் திகைத்துப்போய், "ஒம் பொழப்ப நீயே கெடுத்துக்கிறியேடி" என்றார்.

"கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. தெம்பில்லாதவ தண்ணியத் தின்னுட்டுக் கெடக்கா!" சட்டியோடு தூக்கிக் கொல்லையில் கொட்டினாய்.

அதோடு விட்டாயா? சந்தையில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னாய். விளைவு என்ன? அவன் கடையில் கூட்டம் குறையவில்லை. உன் குளத்துக்குத்தான் சீக்குக் குளம் என்று பெயர் வந்தது. தண்ணீரை வடித்தாய், சுண்ணாம்பு போட்டாய், புதுக் குஞ்சு விட்டாய். கண்ணாடி மாதிரி இறால் வளர்ந்தது. ஓர் ஆள் வாங்க வரவில்லை. பொய் சொன்னவனை விட்டுவிட்டு உண்மை சொன்னவளைத் தண்டித்த ஊரை என்ன சொல்லித் திட்டுவது? கடைசியில் குளத்தை மூடிவிட்டு வாழை வைத்தாய். உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்திலேயே, "நல்ல பிள்ளைதான், பொழைக்கத் தெரியல" என்றார்கள். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் பாதிரியார் நிற்கிறாரே என்று விழுங்கினேன்.

இன்று காலை கம்பத்துக்கு பஸ் ஏறினேன். கடையில் நல்ல கூட்டம். அது நோய்ப்பட்ட இறால், அதில் சத்தே இல்லை என்று சத்தமாகச் சொன்னேன்.

"யாவாரத்தக் கெடுக்காத தாயி. எவ சொன்னா ஒனக்கு?" என்றான்.

உன் பெயரைச் சொன்னேன். உன் அப்பா பெயர், ஊர், குளம் இருந்த இடம் எல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, நிறுத்து வாங்கிய இறாலைத் திரும்ப அவன் தட்டிலேயே கொட்டினாள்.

ஒருத்திதான். மற்றவர்கள் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். நாளைக்கும் போவேன்டி.