இரண்டாவது டிரைவர் எங்கே?

பகாவ்,
18-ஆம் தேதி

அன்பு மகன் சத்தியசீலனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தங்கச்சி ஷாமினியும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம், அலோர் ஸ்டாரில் நீயும் சுகம் என்று நம்பத்தான் பார்க்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் எழுதினால் உன் பஸ் கம்பெனிக்காரன் படிப்பான், அம்மாவும் படிப்பாள். இதை நீ மட்டும் படி.

தோட்டத்தில் எல்லாம் பழையபடிதான். நம் வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போடுவதாக நிர்வாகம் சொல்லியிருக்கிறது, போட்ட பிறகு நம்பிக்கொள்கிறேன். உன் பயிற்சிச் சான்றிதழை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். பயணிகளிடம் தன்மையாகப் பேசுவது, முதலுதவி, மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாய், இன்னும் இரண்டு வருடத்தில் சூப்பர்வைசர் ஆக்குவார்கள் என்றாய். இவ்வளவு அக்கறையான கம்பெனி ஒரு மாதமாக உனக்கு ஏன் ஒரு நாள்கூட லீவு தரவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். போன வியாழக்கிழமை தெரிந்துவிட்டது. அன்று காலை நீ வழியில் நிறுத்திய இடத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து, இனி பிரெண்டன் ஓட்டுவான், நான் படுக்கப் போகிறேன் என்றாய். அதே நேரம், உன்னோடு மாறி மாறி ஓட்ட வேண்டிய அந்த பிரெண்டன், நம் மைக்கல்ராஜ் மகன், பகாவ் பாசாரில் என் பக்கத்தில் நின்று மீன் வாங்கிக்கொண்டிருந்தான். வேலையை விட்டு ஓடி வந்துவிட்டான் என்று முதலில் அவனைத்தான் சந்தேகப்பட்டேன். கேட்டேன். "கம்பெனி என்னை நிறுத்திட்டாங்க, ஒரு மாசமா வீட்லதான் இருக்கேன் அங்கிள். டிரைவர் பேரு எழுதுற புக்குல என் பேரு இருக்கும், ஓட்டுறது சீலன் மட்டும்தான்லா" என்றான்.

மறுத்தால் சூப்பர்வைசர் வேலை போய்விடும் என்று பயந்திருப்பாய். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தும் பிரட்டில், கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும்போது, தூங்கிக்கொண்டிருந்த கூட்டாளி கணேசமூர்த்திக்கும் நானே குரல் கொடுத்தவன். ஒருநாள் அவன் பிந்தி, குறுக்கு வழியில் தனியாக வந்து மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்து கிடந்தான். வந்தவர்களைக் குறிக்கும் செக்ரோலில் பேர் இருந்ததால் சாயங்காலம் வரை அவனை யாரும் தேடவில்லை. இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறான், அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் புத்தகத்திலும் இரண்டு பேர் இருக்கிறது, அதனால் நீ களைத்துப்போனாயா என்று ஒருத்தனும் கேட்கப் போவதில்லை. களைத்துவிட்டேன், ஓட்ட மாட்டேன் என்று சொல்வதற்கு அந்தப் பயிற்சியில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? டிரைவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது சீலா.

முப்பதாம் தேதி சிரம்பானில் உன் பஸ்ஸில் ஏறி உன்னோடு அலோர் ஸ்டாருக்கு வர அம்மா டிக்கெட் எடுத்துவிட்டாள். உனக்கு நேர் பின் சீட்டு. அவளுக்கு எதுவும் தெரியாது, பிரெண்டனுக்கும் சேர்த்து முறுக்கு சுடுகிறாள். ஏற்றிவிட நான் வருவேன். இரண்டு டிரைவர் நின்றால் ஏற்றிவிடுவேன். நீ மட்டும் நின்றால் ஏற்ற மாட்டேன். ஏன் என்று அவள் கேட்பாள், பதிலை நீ சொல்லிக்கொள்.

வெறும் வயிற்றோடு ஓட்டாதே. அம்மன் உன் கூடவே இருக்கட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
சன்னாசி