மாற்றாத மணிக்கூடு

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காக நிற்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "தம்பி, நேரமென்ன?" என்று கேட்டார். மச்சான், உன் கைமணிக்கூட்டைப் பார்த்து, பத்தேகால் என்றேன். நேற்று ஊர்காவற்றுறையில் உன் அக்கா எனக்குத் தந்தது. இங்கே அது சரியான நேரம் காட்டுகிறது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஐரோப்பாவில் ஒரே ஆய்வுகூடத்தில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் எத்தனை வருடம்! ஒருநாளும் நீ அதை அந்த நாட்டு நேரத்துக்கு மாற்றவில்லை. "அப்பு கடலால வாற நேரம் எனக்குத் தெரியோணுமடா" என்பாய். உன் தகப்பனார் மீன்பிடிப் படகை விற்ற பிறகும் மாற்றவில்லை.

ஒரு புதிய துகளை இரண்டு குழுக்கள் தேடின. தரவுகளை வரைந்தால் கோட்டில் ஒரு சிறு மேடு எழவேண்டும். எங்கள் குழுவில் அதை முதலில் கண்டவன் நீ. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, "மச்சான், இஞ்ச ஓடி வா, நிக்குது!" என்று கூப்பிட்டாய். குறிப்பேட்டில் நீ கணித்த துகளின் திணிவை எழுதி, மணியையும் எழுதினாய்: ஏழு.

இரண்டு குழுக்களும் ஒரே நாளில் அறிவித்தன. முதலில் கண்டது யார் என்று தீர்க்க நடுவர்கள் குறிப்பேடுகளைக் கேட்டார்கள். மற்றவர்கள் கண்டது அதே நாள் மாலை ஐந்து மணிக்கு. பெருமை அவர்களுக்குப் போனது. நீ எழுதிய ஏழு, ஊர்காவற்றுறையின் ஏழு; ஆய்வுகூடத்தில் அப்போது பிற்பகல் மூன்றரை.

அது எனக்கு விளங்கியபோது தீர்ப்பு வந்துவிட்டது. நடுவர்களுக்குக் கடிதம் எழுது என்று கத்தினேன்.

"மணிக்கூடு மாத்தத் தெரியாத விசரன் எண்டு சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். முதல் கண்டது நீயடா!"

"அவையளும் கண்டவைதானே. ஆரின்ர கணக்கு நிக்குதெண்டு பாப்பம்."

உன் அந்தப் பொறுமையை நான் மன்னிக்கவில்லை. அவர்களின் தலைவர் மேடையில் சிரித்த சிரிப்பையும், எங்கள் குழுவில் ஒருவரும் வாய் திறக்காததையும் மன்னிக்கவில்லை.

நீ இல்லாமல் போய் இரண்டு வருடம். போன மாதம் மூன்றாவது குழு ஒன்று அந்தத் துகளின் திணிவைத் துல்லியமாக அளந்து வெளியிட்டது. பெருமையை வாங்கிய அவசரக்காரர்கள் சொன்ன எண் பிழை. அன்று நீ எழுதிய எண் அப்படியே நிற்கிறது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் தீவுகளிலிருந்து வந்த எங்களைத் 'தீவான்' என்று நக்கலடித்தவர்களைத் தேடிப்பிடித்து எழுதினேன்.

நடுவர்களுக்கும் எழுதிவிட்டேன். நீ வேண்டாம் என்றாய். உன் பெருந்தன்மை எனக்கில்லை. கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. அதன் தலைப்பில் உன் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் எழுதி, அன்று நீ எழுதாமல் விட்டதையும் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்: ஊர்காவற்றுறை நேரம்.