பினாங்கிலிருந்து வராத மருந்து

என் தங்கச்சி மல்லிகாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் நம்பரை இன்னும் என் போனிலிருந்து எடுக்கவில்லை. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதிச் சொல்கிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்கு முதலில் நீ யார் என்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பர்மாவில் ஒரு கடலோரக் கிராமத்துத் தமிழ்ப் பெண் நீ. இங்கே பினாங்கில், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஐந்து வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழுதான கம்ப்யூட்டர் சில்லுகளைப் பொறுக்கினாய். முதல் நாள் நான் போனில் யாருடனோ சண்டை போட்டதைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க தமிழா?" என்றாய். உன் வேலை அட்டையில் பர்மியப் பெயர் இருந்தது. "அது ஆபீசுக்குக்கா. வீட்ல மல்லிகா" என்று சிரித்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலிலிருந்து பஸ் ஏறி, கடல் பாலம் தாண்டி, தீவில் ஜெலுத்தோங்கில் இருக்கிற என் பிளாட்டுக்கு வருவாய். மீன் குழம்பில் புளி குறைந்தால் "சீக்காளிக் கொழம்புக்கா இது" என்பாய். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்த ஐந்து வருடம் மட்டும் நீ இருந்தாய்.

அப்பாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனாய். போன இரண்டாவது மாதம் புயல் வந்தது.

உன் குரல் பதிவு இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. "அக்கா, கூரை போச்சு. கடல் தண்ணி உள்ள வந்துருச்சு. அப்பாவத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூட மாடிக்கு வந்துட்டோம். தகரம் கால்ல கிழிச்சிருச்சு, பெருசா ஒண்ணுமில்ல. இங்க யாரும் வரலக்கா. நாங்க இப்படி இருக்கோம்னு வெளிய தெரியுமா?" கூடவே மூன்று படங்கள்.

தெரியுமா என்று கேட்டாயே மல்லிகா. நான் என்ன சொல்ல? அதே வாரம் ஒரு பணக்கார நாட்டிலும் புயல் அடித்திருந்தது. எங்கள் கேன்டீன் டிவியில் காலை முதல் மாலை வரை அதுதான். மழைக்கோட்டு போட்ட செய்தியாளர்கள் காற்றில் சாய்ந்து நின்று பேசினார்கள். கூரையில் மாட்டிக்கொண்ட ஒரு நாயைப் படகில் இறக்கியதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பாவம், அந்த நாய் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உங்கள் ஊர்ப்பக்கத்துச் சேதி, அந்த நாய்க்குக் கீழே, திரையின் அடியில் ஒற்றை வரியாக ஓடிப் போனது. அது மறுபடி வருமா என்று சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் பிளாட்டில் மேல்மாடியில் குணா அண்ணன் இருக்கிறார், செய்தி நிறுவனத்தில் வேலை. அவரிடம் உன் படங்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கொடுங்க, கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். மூன்று நாள் கழித்து நானே போய்க் கேட்டேன்.

"அங்க நம்ம ஆளு யாரும் இல்லம்மா. வெளிநாட்டுக்காரன் எடுத்து அனுப்பினாதான் இங்க போடுவாங்க."

"அதான் நான் கொடுத்தேனே அண்ணே?"

"இப்ப அது பழைய செய்தி ஆயிருச்சும்மா."

அது எப்போது புதிய செய்தியாக இருந்தது?

அந்த வாரம்தான் கேன்டீன் வாசலில் 'புயல் நிவாரணம்' என்று எழுதிய பெட்டியை வைத்தார்கள். எனக்கு உயிர் வந்தது. உன் படங்களைப் போனில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். "நம்ம மல்லிகா ஊரு, போடுங்க, போடுங்க" என்றேன். உன் ஹாஸ்டலில் இருந்த பர்மியப் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்று போட்டார்கள். அன்றே உனக்குக் குரல் பதிவு அனுப்பினேன்: "தங்கச்சி, பயப்படாத. கம்பெனியே இறங்கிருச்சு. மருந்து, சாமான் எல்லாம் வருது. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"சரிக்கா" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

பத்து நாளில் அறிவிப்புப் பலகையில் ஒரு படம் ஒட்டினார்கள். எங்கள் மேலாளர் ஆள் உயரக் காசோலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே அந்தப் பணக்கார நாட்டின் பெயர். அலுவலகத்துக்கு ஓடினேன். பணியாளர் பிரிவில் இருக்கிற லதா, அவளும் நம் பெண்தான், என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"அந்தப் புயல்தான்க்கா. எல்லாருக்கும் தெரிஞ்ச புயல் அதுதானே? நம்ம கம்பெனி கஸ்டமர் அங்கதான் இருக்காங்க. பர்மான்னு நாங்க எங்க எழுதினோம்?"

எழுதவில்லைதான். நானும் கேட்கவில்லை. புயல் என்றால் உன்னுடைய புயல் என்றே நினைத்துவிட்டேன்.

மறுநாள் உன் தம்பி சேகர் கூப்பிட்டான். கால் வீங்கி, காய்ச்சல் வந்து, நீ போய்விட்டாய் என்றான். நான் அழுது முடிக்கும்வரை பொறுமையாக இருந்தான். பிறகு சொன்னான்: "டவுன் ஆஸ்பத்திரிக்குப் படகுல ஒரு நாள் ஆகும்க்கா. தூக்கிட்டுப் போறேன்னு சொன்னேன். அப்பாவ விட்டுட்டு வர மாட்டேன், பினாங்கு அக்கா மருந்து அனுப்புறாங்க, ரெண்டு நாள் பாப்போம்னு சொல்லுச்சு." கடைசியில், "நீங்க அனுப்பினது வழியில எங்கயாச்சும் மாட்டிக்கிச்சாக்கா?" என்று கேட்டான்.

"ஆமா தம்பி. மாட்டிக்கிச்சு போல" என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பார்க்க அந்தப் படத்தைப் பலகையிலிருந்து கிழித்தேன். உன் ஹாஸ்டல் பெண்களிடம் மலாயில் சொன்னேன்: நீங்கள் போட்டது உங்கள் ஊருக்குப் போகவில்லை. உன் பழைய அறைத்தோழி தலையாட்டினாள். "தெரியும்க்கா. எங்க ஊருக்கு எப்பவும் போகாது."

"தெரிஞ்சும் ஏன் போட்டீங்க?"

"நீங்க கேட்டீங்க, அதனால."

கம்பெனி எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டு மறுபடி உன் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவேன், சொல்.

நீ போன நாலாவது நாள் உங்கள் ஊருக்கு ஒரு படகு வந்ததாம். தார்ப்பாய் கொடுத்தார்களாம், படம் எடுத்துக்கொண்டார்களாம், அதற்குப் பிறகு யாரும் வரவில்லையாம். போன வாரம் சேகர் சொன்னான். இன்னொன்றும் சொன்னான். டவுனுக்குப் போகும்போதெல்லாம் துறைமுக அலுவலகத்தில் ஏறி, பினாங்கிலிருந்து பெட்டி ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்கிறானாம். அங்கே அவனைப் பார்த்தாலே சிரிக்கிறார்களாம். "வரும்க்கா, நீங்க கவலப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

டிவிக்காரன் உன்னை ஏமாற்றினான், கம்பெனி ஏமாற்றியது என்று ஏழு மாதமாகப் பொருமிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு உன் பெயர்கூடத் தெரியாது மல்லிகா. எனக்குத் தெரியும். நீ நம்பியது என் பேச்சைத்தான்.

நாளை காலை சேகரைக் கூப்பிடுகிறேன். பெட்டி எதுவும் கிளம்பவே இல்லை, இனி அங்கே போய்க் கேட்காதே என்று சொல்லப்போகிறேன். அவன் கத்தலாம், காறித் துப்பலாம், ஒன்றுமே பேசாமலும் இருக்கலாம். அவனாக வைக்கும்வரை நான் போனை வைக்க மாட்டேன். இது சத்தியம்.

நீ நம்பிய உன் அக்கா,
செல்வி
ஜெலுத்தோங், பினாங்கு