தூசியென்று துடைபட்ட தழும்பு

என் செல்ல அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலர், நம்மவர்கள் கல்வெட்டு என்று சொல்வது, இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் நான். உங்கள் மகள் எவரையும் இலேசில் நம்பமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியாதா?

"ஆஸ்பத்திரிக் கட்டிலில கிடந்த முகம் வேண்டாம்" என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். உங்கள் சூட்கேசில் ஒரு கடித உறைக்குள் பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்று கிடந்தது. நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது எடுத்த படம். படம் தொலைந்து, நெகட்டிவ் மட்டும் மிஞ்சியிருந்தது.

அதை, நம் தமிழர் கடைகள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் அச்சகம் வைத்திருக்கும் ராசன் அண்ணையிடம் கொண்டு போனேன். அவரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே! செத்தவருக்குக் கோட்டும் டையும் போட்டுவிடுவார், கறுத்த ஆளை வெளுப்பாக்கிவிடுவார். ஒருமுறை யாரோ ஒருவரின் கல்வெட்டைப் பார்த்து, "இதார், மாப்பிள்ளையோ?" என்று கேட்டு நீங்கள் சிரிக்கவில்லையா?

கடிதமும் பாஸ்போர்ட்டும் ஸ்கேன் செய்கிற தட்டையான பெட்டியில் நெகட்டிவை வைத்து, விளக்குள்ள மூடியை மூடினார். கம்ப்யூட்டரில் பனிமூட்டத்துக்குள் நிற்பவரைப்போல வந்தீர்கள். உங்கள் தலைமயிரும் பின்னால் இருந்த கறுப்புத் திரையும் ஒன்றாகிவிட்டன. "கல்வெட்டுக்கு இது காணும், தங்கச்சி" என்றார். எனக்குப் போதவில்லை. மங்கலாக எடுத்துவைத்துக்கொண்டு பிறகு தன் விருப்பத்துக்கு முகம் வரையப் பார்க்கிறார் என்று சந்தேகப்பட்டேன்.

என்னோடு வேலை செய்கிற லூக்குக்குப் படம் எடுப்பதில் பைத்தியம். ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர் ஒன்று அவனிடம் இருந்தது, பாண் வாட்டும் டோஸ்டர் அளவு. இரவல் தந்தபோது பிரெஞ்சில் நீளமாக ஏதோ விளங்கப்படுத்தினான். பாதி விளங்காமலே "உவீ, உவீ" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினேன். பதினைந்து வருஷமாக இந்த ஊரில் அப்படித்தானே காலம் தள்ளுகிறேன்!

வீட்டில் அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். "தூசி, கீறல் நீக்கு" என்று ஒரு கட்டம் இருந்தது. யார்தான் வேண்டாமென்பார்கள்? சரி போட்டேன். கடவுளே, என்ன துல்லியம்! மீசையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த மீசையைப் பார்த்தே அழுதுவிட்டேன். சீடியில் பதிந்து ராசன் அண்ணையிடம் கொடுத்து, "முகத்தில கை வைக்கப்படாது" என்று மூன்று தரம் சொன்னேன்.

மாதிரி அட்டை வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கிறார். கொப்பாவின்ர புருவத்து வெட்டு எங்க, பிள்ளை?"

இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைக் காணவில்லை. கன்னமும் பவுடர் பூசியதுபோல வழுவழுவென்று இருந்தது. எனக்கு விசர்க் கோபம் வந்துவிட்டது. நேரே கடைக்குப் போனேன். உள்ளே நாலு பேர் நின்றார்கள்.

"செத்த மனிசன்ர முகத்தையும் விடமாட்டியளோ? வெக்கமா இல்லையோ?"

"அம்மாவாணை நான் தொடேல்லை, தங்கச்சி. நீங்கள் தந்ததைத்தான் போட்டனான்."

"எனக்குக் கதை விடாதேங்கோ!"

அவருடைய களவைப் பிடிக்கத்தான் வீட்டுக்கு வந்து என் சீடியைத் திறந்தேன். அதிலும் வெட்டு இல்லை. உடனே லூக்கின் பெட்டியில் சந்தேகம் வந்தது. போன் எடுத்துக் கேட்டேன். அந்தக் கட்டம் கலர் ஃபிலிமுக்கு மட்டுமாம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருக்கும் வெள்ளியை மெஷின் தூசியென்று எண்ணித் துடைத்துவிடுமாம். இதைத்தான் அன்றைக்கே சொன்னேன், நீயும் தலையாட்டினாயே என்றான்.

அப்பா, மீசை மயிரை எண்ணிப் பார்த்த எனக்கு அந்த வெட்டு இல்லாதது ஏன் தெரியவில்லை? தெரியாமல்தான் விட்டேனா? இப்போது என்மேலேயே எனக்குச் சந்தேகம்.

அது எப்படி வந்ததென்று நம் இருவருக்கும்தானே தெரியும். சினேகிதி வீட்டுக்குப் போக விடவில்லை என்ற கோபத்தில் நான் எறிந்த கொம்பாஸ் பெட்டி. உங்கள் சட்டையெல்லாம் இரத்தம். "சைக்கிளால விழுந்திட்டன்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா அந்தச் சைக்கிளை நாள் முழுக்கத் திட்டினார். நான் பக்கத்தில் நின்று வாயே திறக்கவில்லை. அன்றைக்குச் சைக்கிள், இன்றைக்கு ராசன் அண்ணை.

நேற்று அவருடைய கடைக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு அந்த முதல் ஸ்கேனைக் காட்டச் சொன்னேன். அந்த மங்கலுக்குள் வெட்டு இருந்தது.

லூக்கின் பெட்டியில், அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்தேன். உங்கள் முகமெல்லாம் தூசியும் கீறலும். ஒவ்வொன்றாக மௌஸால் எடுத்துக்கொண்டிருக்கிறேன். புருவத்துக்குக் கிட்டப் போனால் மௌஸை விட்டுவிடுகிறேன்.

இந்தக் கடிதமும் கல்வெட்டில் வரும். ராசன் அண்ணைதான் டைப் செய்வார். அண்ணை, இந்த இடத்துக்கு வரும்போது என்னை மன்னியுங்கோ. நீங்கள் தொடேல்லை.

அச்சாகும் முன்பே அம்மாவுக்கு இதை நானே வாசித்துக் காட்டுவேன், சத்தியம். அவர் ஏசட்டும். குறுக்கே வந்து சைக்கிள் என்று சொல்ல இந்தமுறை நீங்கள் இல்லையே, அப்பா.

கொம்பாஸ் பெட்டியை எறிந்த
உங்கள் மகள்,
வதனி